திராட்சைக் கொடியும் திருக்கிண்ணமும்

தருமபுரி மாவட்டத்து மானாவாரி நிலங்களின் வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும் பிரண்டையை அறியாதார் இலர். துவையலுக்கென்று நம் இல்லத்தரசியர் கிள்ளி வரும் அந்த நாற்கோணத் தண்டும், திருப்பலிப் பீடத்தில் இரசமாக ஏந்தப்பெறும் திராட்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் பலர் வியப்படைவர். இரண்டும் பற்றுக்கம்பியை வீசிக் கிடைத்ததைப் பற்றி ஏறும் கொடிகளே. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பிரண்டை எவர் தயவும் இன்றி வறட்சியிலும் வாழும். திராட்சையோ நம் நாட்டில் மனிதனின் கை படாமல் ஒரு குலையும் நல்காது. இந்த உண்மையைச் சற்று ஆழ்ந்து நோக்கின், நாம் ஞாயிறுதோறும் காணும் திருக்கிண்ணத்தின் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும்.

தொன்மை வரலாறு

திராட்சையின் வரலாறு மிகப் பழமையானது. கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜியா நாட்டில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்கலங்களில் திராட்சை இரசத்தின் எச்சங்களை அறிஞர் கண்டுள்ளனர். வெள்ளப் பெருக்கு வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் அமைத்தார் என்று தொடக்கநூல் கூறுவதும், கானான் நாட்டை உளவு பார்க்கச் சென்றோர் ஒரே திராட்சைக் குலையைத் தடியில் கட்டி இருவராய்ச் சுமந்து வந்ததாக எண்ணிக்கை நூல் உரைப்பதும் நாம் அறிந்தவையே.

நம் தமிழகமும் திராட்சை இரசத்தை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. யவனர் தம் மரக்கலங்களில் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் பருகியதைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இரசம் ஏற்றி வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இரசம் வந்ததே தவிர, கொடி அன்று நம் மண்ணில் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

சொல்லும் ஒரு சான்று கூறும். 'திராட்சை' என்பது 'திராக்ஷா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பழந்தமிழ் அகராதிகள் இதனைக் கொடிமுந்திரி என்றும் முந்திரிகை என்றும் வழங்கின. போர்த்துக்கீசியர் கொணர்ந்த மரத்தின் பருப்புக்கு முந்திரி என்ற பெயர் நிலைத்துவிட்டதால், தமிழகத்தில் அப்பழைய வழக்கு மறைந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே முந்திரிகை என்றால் இன்றும் திராட்சைப் பழமே.

பழைய சேலம் மாவட்டத்தில்

இரசமின்றித் திருப்பலி இல்லை. அவ்விரசம் திராட்சையிலிருந்தே பெற்றதாயும், கலப்பற்றதாயும், கெட்டுப்போகாததாயும் இருத்தல் வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி வலியுறுத்துகின்றது. கொடி இல்லாத நாட்டில் இது எத்துணை இடர் தந்திருக்கும்! கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து திருப்பலிக்கு இரசம் ஆக்கிய காலமும் உண்டு.

வட இந்தியாவிற்குப் பாரசீகத்தின் வழியாக வந்த திராட்சைச் சாகுபடி, பதினான்காம் நூற்றாண்டில் தக்காணத்தின் தௌலதாபாத் வரை பரவியது. தென்னகத்திலோ, 1832-ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தவ மறைப்பணியாளர்களே சேலம், மதுரை மாவட்டங்களில் இதனை அறிமுகம் செய்தனர் என்று தோட்டக்கலை வரலாறு குறிக்கின்றது. சேலம் மாவட்டம் என்னும்போது நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளில்தான். அதுவரை இது சேலம் மாவட்டத்தின் பகுதியே. திருச்சபை ஆட்சியிலும் அவ்வாறே: 1930-இல் தோன்றிய சேலம் மறைமாவட்டத்தினின்று 1997-இல்தான் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. நம் முன்னோர்க்கு நற்செய்தி அறிவித்த அக்கால மறைப்பணியாளரின் மூட்டையில் செபநூலோடு கொடிக்குச்சிகளும் இருந்தன என்பது நமக்குப் பெருமையன்றோ?

எனினும், கொடி செழித்துப் பரந்தது நம் மண்ணிலன்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலேதான். நம்மூரின் தொழில் கேழ்வரகும் சாமையும் புளியும் மாவுமாக நிலைத்தது. கம்பத்திலோ முல்லைப் பெரியாற்று நீரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இதமான காற்றும் கொடிக்கு உகந்தனவாயின. அங்கு விளையும் கருநீலப் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்ப வரலாறும் 1832-ஆம் ஆண்டையும் ஒரு பிரெஞ்சுக் குருவானவரையும் நன்றியோடு நினைவுகூர்கின்றது.

கவாத்து கற்பிக்கும் பாடம்

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்கும். இளவேனிலில் தானே விழித்துத் துளிர்க்கும். ஆண்டிற்கு ஓர் அறுவடை. நம் நாட்டிலோ கொடிக்கு உறக்கமே இல்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும்; பந்தல் நிறைய இலை இருக்கும், குலை இராது. ஆகவே விவசாயி கத்திரி எடுத்துக் கவாத்து செய்கின்றார். பசுமையாய் நிற்கும் கிளைகளைத் துணிந்து வெட்டுகின்றார். வெட்டிய இடத்தில் நீர் கசியும். சில நாள்களில் மொட்டுகள் விழிக்கும். ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் பழுக்கும். எப்போது கவாத்தோ அதற்கேற்ப அறுவடை. ஆதலால் கம்பத்தில் ஒரு தோட்டம் இல்லாவிடில் மற்றொன்றில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கின்றது.

கனி தரும் கொடியையும் தந்தை தறித்துவிடுகிறார், அது மிகுந்த கனி தரவே என்று யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியதை, நம் நாட்டு விவசாயியைவிட நன்கு உணர்வோர் யார்? நோயும் இழப்பும் நம் குடும்பங்களை வெட்டும்போது, வெட்டுபவரின் கை பகைவனின் கையன்று, தோட்டக்காரரின் கையே என்று நம்பப் பழகுதல் நமக்குரிய பாடம்.

கவாத்தோடு பணி முடிவதில்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் அமைக்கவேண்டும். ஈரம் மிகுந்தால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கவேண்டும். பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். பழுத்தது காத்திராது, வணிகர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டுக் கடனோடு வீடு திரும்பும் குடும்பங்களும் உண்டு. திருப்பலியில் நாம் ஒப்புக்கொடுக்கும் இரசத்தைக் கொடியின் கனி என்பதோடு மனித உழைப்பின் பயன் என்றும் குருவானவர் சொல்வது வெறும் அலங்காரமன்று.

கிண்ணமும் குப்பியும்

இதே கனி மனிதனை வீழ்த்தவும் வல்லது. தோட்டம் அமைத்த நோவாவே மதிமயங்கிக் கிடந்ததை விவிலியம் மறைக்கவில்லை. இந்நாட்டில் மதுவிலக்கு முதன்முதல் நம் பழைய சேலம் மாவட்டத்திலேதான், இராஜாஜியின் ஆட்சியில், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்த் திருப்பலி இரசத்திற்கென்று தனி விதிகளே உள்ளன. திருக்கிண்ணம் வேறு, மதுக்குப்பி வேறு என்று அரசே பிரித்துணர்ந்திருக்க, நம்மில் சிலர் வாரக் கூலியைக் கடையில் கொட்டிவிட்டு ஞாயிறன்று கிண்ணத்தின்முன் முழந்தாளிடுவது பொருந்துமா? ஒன்று குடும்பத்தைக் கூட்டும், மற்றொன்று கலைக்கும்.

கதிரவன் மறையுமுன்

இணைச்சட்ட நூலின் இருபத்து நான்காம் அதிகாரத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். திராட்சை அறுத்தபின் விடுபட்ட குலைகளைத் தேடி மீண்டும் செல்லாதே, அவை அந்நியர்க்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்று அங்கே ஆண்டவர் கட்டளையிடுகின்றார். அதே அதிகாரத்திலேயே, ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு என்ற கட்டளையும் உள்ளது. பழத்தையும் கூலியையும் ஒரே மூச்சில் பேசுகின்றது திருச்சட்டம்.

நம் மாவட்டத்தின் எத்தனையோ குடும்பத் தலைவர்கள் வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் பேருந்து ஏறுகின்றனர். விடியற்காலையில் தெருமுனையில் கூட்டமாய் நின்று, எவரேனும் அழைப்பாரா என்று காத்திருப்போரும் அவர்களிடையே உண்டு. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட வேலையாள் உவமை நமக்கு அந்நிய நாட்டுக் கதையன்று. நம் தமையன்மாரின் கதையே. கடைசி நேரத்தில் வந்தவனுக்கும் அன்றாட உணவுக்குப் போதிய கூலி தந்த அந்தத் தோட்ட உரிமையாளரைப்போல் நடப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, அடுத்த திருப்பலியில் காணிக்கை வேளையில் கிண்ணம் உயரும்போது, பந்தலின் கீழ் முதுகு வளைத்து நின்ற முகமறியாத உழைப்பாளியையும், நம் வீட்டிலிருந்து வெகுதொலைவில் உழைக்கும் உடன்பிறப்பையும் எண்ணி மன்றாடுவோம். தெருவில் கூடை சுமந்து பழம் விற்கும் அம்மாளிடம் நான்கு ரூபாய்க்காக வாதாடாதிருப்போம். நம் நிலத்திலோ வீட்டிலோ வேலை செய்தவரின் கூலியை நாளைக்கென்று ஒத்திவையாமல் அன்றே அவர் கையில் கொடுப்போம். கொடியோடு இணைந்த கிளை கனி தரும் என்றார் இயேசு. நாம் தரவேண்டிய கனி இதுவே.