பரணில் தாத்தாவின் டைரி, பெயரில் ஒரு டச்சுக்காரர்

அஸ்தினாபுரத்தில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரம் இறங்கும், கல்யாண ஆல்பம் இறங்கும். கூடவே சணலால் கட்டிய டைரிக் கட்டு ஒன்றும் இறங்கும். பால் கணக்கு, பெய்த மழை, பென்ஷன் வந்த தேதி, யாருக்கு எந்த ஊரில் பெண் பார்த்தார்கள் என்று தாத்தா எல்லாம் எழுதி வைத்திருப்பார். பாத்திரத்துக்குப் பங்கு கேட்க ஆள் உண்டு. டைரி பெரும்பாலும் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகிறது.

அதைத் தடுக்க ஒரு காரணம், நம் பெயர். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பேரனுக்கு வரும்போது தாத்தாவின் எழுத்தே இருக்காது. குடும்பப் பெயர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். இலங்கையின் டச்சு பர்கர் குடும்பங்களைப் பார்த்தால் அதுவும் அவ்வளவு நேரான விஷயமில்லை.

டச்சுக்காரர்கள் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் 'ஆந்தோனிஸ்' என்றொரு பெயர் உண்டு. அந்தோணியின் மகன் என்று அர்த்தம். கிட்டத்தட்ட நம் இனிஷியல்தான், ஒரு தலைமுறையோடு உறைந்துவிட்டது. அப்பெயர் கொண்ட ஆர்.ஜி. ஆந்தோனிஸ் அரசு ஆவணக் காப்பாளர். 1908-ல் டச்சு பர்கர் யூனியனைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த யூனியனின் இதழ் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது.

இதைவிடச் சுவையானது ஒண்டாச்சி பெயர். 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' நாவலுக்காக 1992-ல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாச்சியின் குடும்பம்தான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் அசல் ஆம்ஸ்டர்டாம் பெயர். கடைசியில் வரும் 'ட்யே' டச்சு மொழியில் 'குட்டி' என்று செல்லமாகச் சேர்க்கும் விகுதி. ஆனால் குடும்ப வரலாற்றின்படி முதல் ஒண்டாச்சி, 1659-ல் டச்சு ஆளுநர் வீட்டில் வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்குப் போன தமிழர்! தமிழ்ப் பெயரை டச்சுக்காரர்கள் தங்கள் கூட்டலில் எழுதிவிட்டார்கள். 1978-லும் 1980-லும் மைக்கேல் தன் வேர்களைத் தேடி இலங்கை போனபோது, கொழும்பு தேவாலயத்தின் தரைக்கல்லில் அந்தப் பெயர் பெரிதாக இருந்தது. பழைய பேரேடுகளிலோ ராமபாணப் பூச்சி புகுந்திருந்தது.

டச்சு ஆவணம் பார்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே டச்சுக் கம்பெனியின் ஏடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் கொச்சிக் கணக்குகள். ஐந்து நாடுகளில் உள்ள இந்தக் கம்பெனி ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வீட்டு டைரிக்கு அந்தப் பெருமை வருமா? புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியவை வாரிசுகளின் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் பிரெஞ்சுக்காரரான கல்வா மொம்ப்ரூன் கண்ணில் பட்டன. நடுவில் 85 வருஷம் அதை யாரும் எடைக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் டைரி இருந்தால், லாமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். பரணின் வெக்கையிலும் ஓதம் ஏறிய சுவரோரமும் வைக்காமல் பீரோவில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில், அட்டை முதல் வரிசையாக, போனில் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் எழுத்து மங்கும். கடன், சொத்துச் சண்டை பற்றிய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

டைரியில் வரும் 'கி.மாமா' யார், 'மேலத்தெரு வீடு' எது என்று சொல்லக்கூடியவர் இன்று எண்பதைத் தாண்டிய அத்தை ஒருவராகத்தான் இருப்பார். ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுங்கள்.