கூண்டுக்குள் அறிவியல் – 9: பீட்ரூட் சிவப்புக்கு நாலு மார்க்

எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு என்ற சிரப்பைக் குடித்து 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் செத்ததையும், அந்தக் கொதிப்பில் மறு வருடமே உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டம் வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். மருந்துக்காக வந்த சட்டத்தில் அழகுப் பொருளுக்கு என்ன வேலை?

அதற்குக் காரணம் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க அழகு நிலையங்களில் இமை முடியைக் கருப்பாக்க இதைப் பூசினார்கள். உள்ளே இருந்தது பாராஃபினைலின்டையமின், சுருக்கமாக பி.பி.டி. சில பெண்களுக்கு இமை வீங்கிப் புண்ணாகிப் பார்வையே போனது, ஒருவர் இறந்தார். ஆனால் அப்போது அமலில் இருந்த 1906-ம் வருடச் சட்டத்தில் அழகுப் பொருள் என்ற பேச்சே கிடையாது. அதனால் உணவு மருந்து நிர்வாகத்தால் அந்தப் புட்டிகளைத் தொட முடியவில்லை. 1933-ல் சிகாகோ கண்காட்சியில், பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பழைய முகத்தையும் புதிய முகத்தையும் படமாக வைத்துக் காட்டியதோடு சரி. அதே பி.பி.டி. இன்றைக்கும் தலைச்சாயப் பாக்கெட்டுகளில் இருக்கிறது. ‘முதலில் தோலில் கொஞ்சம் தடவிப் பாருங்கள்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது அதற்காகத்தான். யார் அதைச் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

1938-ல் அதிகாரம் கிடைத்தது. கூடவே தலைவலியும் வந்தது. ஒரு க்ரீம் தோலை எரிக்கும் என்று அதிகாரி சொல்வார். எரிக்காது என்று கம்பெனி வக்கீல் சொல்வார். நீதிபதிக்கு எதைக் காட்டுவது? ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தந்தவர் ஜான் டிரெய்ஸ். உணவு மருந்து நிர்வாகத்தில் மருந்தியலாளராக இருந்தவர். தன் சகாக்களான வுடார்ட், கால்வரி இருவரோடு சேர்ந்து 1944-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, உலக ஆய்வகங்களின் சமையல் குறிப்பாகவே ஆகிவிட்டது.

செய்முறை எளிமையானது. வெள்ளை முயல்தான் வேண்டும், சிவப்பு தெரிவதற்காக. முதுகு முடியை ஒட்ட வெட்டுவார்கள். ஒரு பக்கத் தோலை அப்படியே விட்டு, மறு பக்கம் ஊசியால் லேசாகக் கீறுவார்கள்; ரத்தம் வரக் கூடாது, மேல்தோல் மட்டும் கிழிய வேண்டும். பொருளில் அரை மில்லி அல்லது அரை கிராம் எடுத்து, ஓர் அங்குலச் சதுரக் காஸ் துணியில் வைத்து ஒட்டிக் கட்டிவிடுவார்கள். ஒரு முழு நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். 72 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்ப்பார்கள். மொத்தம் ஆறு முயல்கள்.

பார்ப்பது என்றால் மார்க் போடுவது. சிவத்தலுக்கு பூஜ்யத்திலிருந்து நாலு வரை, வீக்கத்துக்கும் அதே போல. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் சிவப்புக்கு ஒன்று. தெளிவாகத் தெரிந்தால் இரண்டு. பீட்ரூட் நிறத்துக்குப் போய்ப் பொருக்குத் தட்டத் தொடங்கினால் நாலு. வீக்கம் ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் மூன்று. அதையும் தாண்டி, மருந்து பட்ட இடத்துக்கு வெளியிலும் பரவினால் நாலு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதிகபட்சம் எட்டு. அமெரிக்காவின் 1960-ம் வருட அபாயப் பொருள் சட்டத்தின் விதிகளில் இந்த முறை அப்படியே ஏறியது. ஐந்தும் அதற்கு மேலும் வாங்கிய பொருள் ‘எரிச்சலூட்டி’.

சட்டத்துக்கு இது மிகவும் வசதி. அறிவியலுக்கு? ‘தெளிவான சிவப்பு’ எங்கே முடிகிறது, ‘மிதமான சிவப்பு’ எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது? கேரல் வைல், ராபர்ட் ஸ்காலா என்ற இருவர் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி முயல் சோதனை செய்யச் சொன்னார்கள். முடிவுகள் 1971-ல் வெளிவந்தன. ஓர் ஆய்வகம் இருப்பதிலேயே மோசமானது என்று சொன்ன பொருளை இன்னோர் ஆய்வகம் இருப்பதிலேயே சாது என்று சொல்லியிருந்தது. புதிய விதிகள் எதிலும் இதை நிலையான முறையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று இருவரும் எழுதினார்கள். இப்படிச் சொன்னவர்கள் விலங்கு நேயர்கள் அல்ல, நச்சியலாளர்கள். பத்து வருடம் கழித்து, 1981-ல், பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. தன் சோதனை நெறிகளில் 404 என்ற எண்ணில் இந்த முயலைத்தான் சேர்த்தது.

முட்டாள்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டில் செய்த சோதனையை இன்னொரு நாடு ஏற்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே முறையில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு துறைமுகத்திலும் புதிதாக முயல் வாங்க வேண்டியிருக்கும். 404 கொஞ்சம் இரக்கமும் காட்டியது. கட்டு நாலு மணி நேரம்தான், கீறல் கிடையாது, முயல் மூன்று போதும். இப்போதைய நெறிப்படி முதலில் ஒரே ஒரு முயலில் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். அமில காரத்தன்மை இரண்டோ அதற்குக் கீழோ, பதினொன்றரையோ அதற்கு மேலோ இருக்கும் பொருளை முயல் பக்கமே கொண்டுபோக வேண்டியதில்லை. அது தோலை அரிக்கும் என்று சொல்ல எந்த உயிரும் தேவையில்லை.

ஆனால் எண்ணின் அடிப்படைக் கோளாறு தீரவில்லை. மூன்று முயல்களில் இரண்டில் சராசரி 2.3-ஐத் தொட்டால் இன்றைய ஐ.நா. வகைப்பாட்டில் அது எரிச்சலூட்டி. டிரம்மில் சிவப்புச் சாய்சதுரமும் ஆச்சரியக்குறியும் ஏறும். ஐரோப்பாவின் பழைய விதியில் இரண்டைத் தொட்டாலே போதும். 2.1 வாங்கிய திரவம் அங்கே ஒரு காலத்தில் எரித்தது, இப்போது எரிப்பதில்லை. திரவமும் மாறவில்லை, முயலும் மாறவில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, முயல் தோல் மனிதத் தோலா என்பது. செக் நாட்டு ஆய்வாளர்கள், முயலில் எரிச்சலூட்டி என்று பெயர் வாங்கிய 16 ரசாயனங்களைச் சம்மதம் தந்த மனிதர்களின் தோலில் நாலு மணி நேரம் ஒட்டிப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். மனிதருக்குக் குறிப்பிடத்தக்க எரிச்சல் தந்தவை ஐந்தே ஐந்து. முயல் தோல் நம்முடையதைவிட மென்மையானது, ரசாயனத்தை எளிதில் உள்ளே விடும். அதிகமாகப் பயப்படும் காவல்காரன் நல்லதுதானே என்று கேட்கலாம். எல்லா டிரம்மிலும் ஆச்சரியக்குறி இருந்தால் தொழிலாளி எதைப் பார்த்துக் கையுறை போடுவார்?

இன்னொரு பக்கமும் உண்டு. லாஷ் லூர் செய்தது பெரும்பாலும் ஒவ்வாமை. முதல் முறை பட்டபோது உடம்பு சும்மா இருந்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பொங்கும் வகை. ஒரே தடவை கட்டுப் போட்டுப் பார்க்கும் எரிச்சல் சோதனையில் அது சிக்காது. அதற்குக் கினிப்பன்றியையும் சுண்டெலியையும் வைத்துத் தனிச் சோதனைகள் வந்தன. அழகுப் பொருளைச் சட்டத்துக்குள் இழுத்து வந்த அந்தச் சாயத்துக்கே முயல் நம்பகமான சாட்சி இல்லை.

இப்போது முயலின் இடத்தில் இருப்பது செயற்கையாக வளர்த்த மனிதத் தோல். லோரியால் நிறுவனத்தின் எபிஸ்கின், அமெரிக்காவின் எபிடெர்ம் போன்றவை. அறுவை சிகிச்சையில் கழித்துப் போடும் தோலிலிருந்து செல்களை எடுத்து, அடியில் ஊட்டநீரும் மேலே காற்றும் படும்படி வளர்த்தால், அவை அடுக்கடுக்காக எழும்பி மேலே தடித்த படலத்தையும் உண்டாக்கிக்கொள்கின்றன. சட்டைப் பொத்தான் அளவுதான். அதன் மேல் ரசாயனத்தை வைத்துக் கழுவி, கிட்டத்தட்ட இரண்டு நாள் விட்டு, எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தில் போடுவார்கள். உயிரோடிருக்கும் செல் சாயத்தை ஊதாவாக்கும். ஊதாவைக் கருவி அளந்து சொல்லும். பாதியோ அதற்கும் குறைவோதான் பிழைத்திருக்கிறது என்றால் எரிச்சலூட்டி. ‘தெளிவான சிவப்பா, மிதமானதா’ என்ற சண்டை இங்கே இல்லை. 2010-ல் ஓ.இ.சி.டி. இதை 439 என்ற நெறியாக ஏற்றது.

ஏற்பதற்கு முன் ஒரு தேர்வு வைத்தார்கள். முயல் சொன்ன விடையை இந்தத் தோலும் சொல்கிறதா என்று பார்த்தார்கள். தராசு சரியில்லை என்று புதுத் தராசு வாங்கிய கடைக்காரர், பழைய தராசின் எடையே இதிலும் வருகிறதா என்று சோதித்த மாதிரி. வேறு வழியும் இருக்கவில்லை. கையில் இருந்த பழைய தரவு பெரும்பாலும் முயல் தரவுதான். முயலோடு ஒத்துப்போகாமல் மனிதரோடு ஒத்துப்போகும் தோல், தேர்வுத்தாளில் தப்பு வாங்கும். இந்தத் துறையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக 1953-ல் விலங்கு வதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அரசே சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. விலங்குச் சோதனைகளை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, கண்காணிக்கக் குழு அமைக்க வழிசெய்தது. அழகுப் பொருளுக்கு விலங்குச் சோதனை கூடாது என்ற விதி 2014-ல்தான் வந்தது. அதே வருடம் அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை. ஐரோப்பிய ஒன்றியம் முந்தைய வருடம் மார்ச்சில் விற்பனைத் தடையை முழுமையாக்கியிருந்தது. இரண்டுமே அழகுப் பொருளுக்கு மட்டும்தான். பூச்சிமருந்தும் தொழிற்சாலை ரசாயனமும் வேறு சட்டங்களின் கீழ் வருபவை.

டிரெய்ஸின் 1944 கட்டுரையில் தோலுக்குச் சொன்னதைப் போலக் கண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. அவர் பெயரை உலகம் முழுக்கக் கெடுத்தது அதுதான். 1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் அதை வைத்து ஒரு முழுப் பக்கப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். ரெவ்லான் நிறுவனம் பதறிப்போய் மாற்று ஆராய்ச்சிக்கு ஏழரை லட்சம் டாலர் எடுத்து வைத்தது. அந்த விவகாரம் அடுத்த வாரம்.

(தொடரும்)