நிலம் ஒருவர் பெயரில், அறுவடை இன்னொருவர் கையில்: கொச்சி பொக்காளி வயல்களில் அரசு உதவித்தொகை யாருக்கு?

கொச்சி: மட்டாஞ்சேரியின் அரிசி, மிளகுக் கிடங்குகளைக் கடந்து தெற்கே சென்றால் கும்பளங்கி, செல்லானம் பகுதிகளில் உப்புநீர் சூழ்ந்த பொக்காளி நெல் வயல்கள் தொடங்குகின்றன. கொச்சி வட்டத்தைச் சேர்ந்த இந்த வயல்களின் உரிமையாளர்களுக்கு மத்திய அரசும் கேரள அரசும் தனித்தனித் திட்டங்களின் கீழ் ஆண்டுதோறும் பணம் வழங்குகின்றன. ஆனால், இவ்விரு தொகைகளும் நிலப் பதிவேட்டில் உள்ள பெயரையே பின்தொடர்கின்றன. வாய்மொழிக் குத்தகையில் நிலத்தை எடுத்து, இடுப்பளவு சேற்றில் இறங்கி நெல் அறுப்பவருக்கு அவற்றில் நேரடிப் பங்கு இல்லை. இதற்கான காரணம் திட்ட விதிகளில் மட்டுமல்ல, கேரளத்தின் நிலச் சீர்திருத்த வரலாற்றிலும் உள்ளது.

பொக்காளி முறை என்பது என்ன?

எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் நடைபெறும் பழைமையான சாகுபடி முறை இது. தென்மேற்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கழுவிச் சென்றதும் உப்பைத் தாங்கும் உயரமான நெல் வகை விதைக்கப்படுகிறது. இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ பயன்படுத்தப்படுவதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கதிர்கள் மட்டும் அறுக்கப்பட்டு, தாள்கள் நீரிலேயே விடப்படுகின்றன. நவம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அதே வயலில் இறால் வளர்க்கப்படுகிறது. அழுகும் தாள்கள் இறாலுக்கு உணவாகின்றன. இறாலின் கழிவுகள் அடுத்த நெல்லுக்கு உரமாகின்றன. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஒரே வயலில் இருந்து இவ்வாறு இரண்டு வருமானங்கள் கிடைக்கின்றன. இறால் பருவத்திற்குக் குத்தகைத் தொகை எளிதாகக் கிடைப்பதால், செலவும் ஆள் தட்டுப்பாடும் மிகுந்த நெல் சாகுபடியை உரிமையாளர்கள் பலர் கைவிடுகின்றனர். நெல் நின்றுபோகும் வயல்களில், வரப்பு காப்பது முதல் கதிர் அறுப்பது வரையான வேலைகளை நம்பியிருந்த கூலித் தொழிலாளர்கள் வாழ்வாதாரத்தை இழக்கின்றனர். அவர்களில் பெண்களே அதிகம்.

மத்திய அரசின் உதவி

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம், அதாவது 'பி.எம். கிசான்', 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தலா 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. தொடக்கத்தில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் இருந்த இத்திட்டம், பின்னர் நில அளவு வரம்பின்றி விரிவுபடுத்தப்பட்டது. இதன் 21-ஆவது தவணை 2025 நவம்பர் 19-ஆம் தேதி கோயம்புத்தூரில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது.

2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலப் பதிவேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பதே முதன்மை நிபந்தனை. அதற்குப் பின் வாரிசுரிமையாக நிலம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வருமான வரி செலுத்துவோர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறும் பெரும்பாலானோர், தொழில்புரியும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் உள்ளிட்டோர் தகுதி பெறமாட்டார்கள். குத்தகைதாரர்களும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களும் இத்திட்டத்தின் வரம்பிற்குள் இல்லை.

கேரளத்தின் 'ராயல்டி'

நெல் வயல்களை அழிக்காமல் காப்பதற்காகவே உரிமையாளருக்கு ஒரு தொகை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020 நவம்பரில் தொடங்கியது. நெல் வயல்களை நிரப்புவதைக் கேரள நெல் வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 முதலே தடை செய்கிறது. வயல் வெள்ளநீரைத் தாங்கி, நிலத்தடி நீரைப் பெருக்கி ஊருக்கே பயன்படுகிறது; எனவே அதை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஊர் சார்பில் ஈடு தர வேண்டும் என்பதே 'ராயல்டி' என்ற பெயரின் பொருள்.

தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதத்தில் 50 சென்ட் வயல் வைத்திருப்பவருக்குச் சுமார் 405 ரூபாய் கிடைக்கும். ஒரு பருவத்து இறால் குத்தகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. நெல்லோ, வயலின் தன்மையை மாற்றாத பயறு, எள், காய்கறி போன்ற குறுகியகாலப் பயிர்களோ விளைந்தால் தொகை உண்டு. தரிசாகக் கிடக்கும் வயலை உரிமையாளர் தாமாகவோ பிறர் மூலமாகவோ சாகுபடிக்குக் கொண்டுவந்தாலும் தகுதி உண்டு. ஆனால் பிறர் பயிரிட்டாலும் பணம் உரிமையாளரின் கணக்கிற்கே செல்லும். நடப்பாண்டு நிலவரி ரசீது, ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களுடன் கேரள வேளாண் துறையின் 'எய்ம்ஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

குத்தகைதாரரின் பெயர் ஏன் பதிவாவதில்லை?

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-இல் நிறைவேறியது. 1969-ஆம் ஆண்டின் திருத்தம் 1970 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது குத்தகை முறை ஒழிக்கப்பட்டு, உழுதவர்களுக்கு நில உரிமை கிடைத்தது. மீண்டும் ஒரு நிலக்கிழார் வர்க்கம் உருவாகாதிருக்கப் புதிய குத்தகைகளை ஏற்படுத்துவதையும் அச்சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுத்தது.

ஒரு தலைமுறைக்குப் பின் நிலைமை மாறியது. அன்று நிலம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழில்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். வயல்கள் மீண்டும் பிறர் கைக்கு வந்தன. ஆனால் எழுத்தில் அல்ல, வாய்மொழியில். உழுபவரைக் காக்க இயற்றப்பட்ட தடையே இன்று உழுபவர் தம் குத்தகையை நிரூபிக்க முடியாத நிலையை உருவாக்கியுள்ளது. குத்தகையை எழுதிக் கொடுத்தால் உரிமை பறிபோகுமோ என்று உரிமையாளர்களும் அஞ்சுகின்றனர்.

பிற மாநிலங்களின் வழிகள்

தெலங்கானா 2018-இல் தொடங்கிய 'ரைத்து பந்து' திட்டம், தொடக்கத்தில் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் வீதம் நில உரிமையாளர்களுக்கே வழங்கியது. குத்தகைதாரர்கள் விடுபட்டது பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஒடிசாவின் 'காலியா' திட்டம் சிறு, குறு விவசாயிகளுடன் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் பயனாளிகளாகச் சேர்த்தது. உரிமையாளரின் பட்டாவுக்குப் பாதிப்பின்றிச் சாகுபடியாளரின் உரிமையைப் பதிவு செய்ய ஆந்திரப் பிரதேசம் 2019-இல் தனிச் சட்டமே இயற்றியது.

பதிவேட்டை மட்டும் நம்பினால் உழுபவர் விடுபடுவார். சரிபார்ப்பைக் கைவிட்டால் போலிகள் நுழைவர். இரண்டாவது ஆபத்தைத் தமிழ்நாடு 2020-இல் கண்டது. பி.எம். கிசான் திட்டத்தில் லட்சக்கணக்கான தகுதியற்ற பெயர்கள் சேர்க்கப்பட்டு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் முறைகேடு நடந்தது தெரியவந்ததும் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

குத்தகைதாரர் இப்போது எதைப் பெறலாம்?

எல்லாக் கதவுகளும் மூடப்படவில்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரர்களையும் வார விவசாயிகளையும் ஏற்கிறது. கிசான் கடன் அட்டைக்கு வாய்மொழிக் குத்தகைதாரர்களும் தகுதியுடையவர்கள் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கிக் கடன் பெறுவது மற்றொரு வழி. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் இம்முறையில்தான் பிறர் நிலங்களில் கூட்டு விவசாயம் செய்கின்றன. உள்ளூர் கிருஷி பவன் அலுவலகத்தை அணுகி, தங்கள் பகுதியில் எந்தத் திட்டம் சாகுபடியாளரை ஏற்கிறது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்டறிவது நல்லது.

காப்பீடு இழப்பை ஈடுசெய்யும். கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உரிமையாளருக்குக் கிடைப்பது போன்ற நேரடித் தொகை சாகுபடியாளருக்கும் கிடைக்க வேண்டுமானால், உரிமையாளரின் உரிமையைப் பாதிக்காமல் சாகுபடியாளரின் பெயரைப் பதிவு செய்யும் சட்டவழி தேவை. அது வரும்வரை, பொக்காளி வயலைக் காப்பதற்கான பணம் நிலவரி ரசீதில் உள்ள பெயருக்கே போய்ச் சேரும்.