பாடி கொள்ளும் வரை ஏற்றலாமா?

ஓமலூர், காமலாபுரம் வட்டாரங்களிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குச் சிறு சரக்கு வண்டிகளில் வெல்லம் வருகிறது. 2005ஆம் ஆண்டு அறிமுகமான டாடா ஏஸ் வண்டியை நம் மக்கள் 'குட்டியானை' என்றே அழைக்கின்றனர். ஒரே நடையில் வாடகையை முடித்துவிட எண்ணி, பாடி நிறையும் வரை சிலர் ஏற்றுகின்றனர். இது தவறு. பாடியின் கொள்ளளவு வேறு. வண்டி தாங்கும் எடை வேறு.

7 அடி நீளம், 5 அடி அகலம், பக்கப் பலகை 1 அடி உயரம் உள்ள பாடி 35 கன அடி கொள்ளும். அதில் மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை டன் ஆகிவிடும். முக்கால் டன் தாங்கும் வண்டிக்கு இது இரு மடங்கு சுமை. அதே பாடியில் வைக்கோலை உயர அடுக்கினாலும் இந்த எடை வராது.

சரியான அளவை அறிவது எளிது. ஆர்.சி.யில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு குறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 800 கிலோ என இருந்தால் மீதி 750 கிலோ. இதில் ஓட்டுநரும் விவசாயியும் சேர்ந்து சுமார் 130 கிலோ. மிஞ்சுவது 620 கிலோ. அதாவது 30 கிலோ சிப்பம் 20. பாடியைச் சுற்றிப் பின்னர் பொருத்திய இரும்புச் சட்டத்தின் எடையையும் கழிக்க வேண்டும்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். கேபினை ஒட்டித் தொடங்கி, இருபுறமும் சமமாக அடுக்க வேண்டும். பாரமானவை அடியில் இருக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு அப்பால் பாரம் கூடினால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பின்கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டு அதன்மேல் மூட்டை வைக்கக் கூடாது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மரவள்ளிக் கிழங்கு இறக்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மிகைச் சுமையுடன் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மூட்டைகளின் மேல் கூலியாட்களை ஏற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. இதனுடன் ஒப்பிட்டால் இரண்டாம் நடை வாடகை சிறிதே. எனவே, ஏற்றும் முன் சிப்பங்களை எண்ணிக் கணக்கிட்டு, தார்ப்பாய் மூடி, கயிற்றால் இறுகக் கட்டி அனுப்புமாறு விவசாயிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.