கோபேக்குப் போகிற ஆம்பூர்க்காரருக்கு

டீ குடி தம்பி, ஜப்பானில் இருக்கிற கோபே நகரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அங்கே இறங்கியதும் எல்லோரும் உன்னைத் துறைமுகக் கோபுரத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள். 1963-இல் கட்டியது, 108 மீட்டர் உயரம். உடுக்கை மாதிரி இடை சிறுத்துச் சிவப்பாக நிற்கும். அழகுதான், பார். ஆனால் ஷூ தொழிலில் இருக்கிற ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக்காரர்கள் ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டிய இடம் நகரின் மேற்கே உள்ள நகாதா.

நகாதா, ஷூ தயாரிக்கும் பேட்டை. முதலில் ரப்பர்த் தொழில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வினைல் போன்ற செயற்கைப் பொருள்களில் ஷூ செய்ய ஆரம்பித்தார்கள். 'கெமிக்கல் ஷூ' என்றே அதற்குப் பெயர். முழு ஷூவும் ஒரே கூரையின் கீழ் முடியாது. கட்டிங் ஒரு பட்டறை, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பது இன்னொன்று, சோல் ஒட்டுவது வேறொன்று. நம் ஊரில் அப்பரை வீட்டுக்கு வாங்கிப்போய்க் கைத்தையல் போடும் அக்காக்களை நினைத்துக்கொள், அந்த ஏற்பாடு புரிந்துவிடும். இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் கொரியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46-க்கு நிலம் குலுங்கியது. அந்த நிலநடுக்கத்தில் மொத்தம் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகாதாவில் நெருக்கி நெருக்கி மர வீடுகள். அவற்றை ஒட்டிய பட்டறைகளில் ரப்பரும் பசையும். குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் தீயணைக்கத் தண்ணீர் இல்லை. தெருத்தெருவாக எரிந்தது. சொல்யூஷன் பசை டப்பாக்கள் அடுக்கிய அறையில் நாளெல்லாம் உட்காரும் நம்மவர்களுக்கு இந்தக் கதை தெரிந்தே ஆக வேண்டும். உன்னை அங்கே போகச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம். நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையின் ஒரு பகுதியைக்கூட, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு, மெரிக்கென் பூங்காவில் அப்படியே வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் விபத்து நடந்த இடத்தை எவ்வளவு சீக்கிரம் துடைத்துவிடுகிறோம்!

நகாதாவுக்குப் பிறகு இன்னொரு இடம்: சன்னோமியா ஸ்டேஷனிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் வருகிற கிதானோ பகுதி. 1935-இல் திறந்த பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல். 1923 நிலநடுக்கம் யோகோஹாமாவை அழித்தபோது, அங்கிருந்த இந்திய வியாபாரிகள் பலர் கோபேக்கு இடம் மாறினார்கள். பள்ளிவாசலுக்குப் பணம் கொடுத்தவர்களிலும் இந்தியர்கள் உண்டு. 1945 போர்க்காலக் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தும் அது நின்றது, 1995 நிலநடுக்கத்திலும் நின்றது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போ. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அந்தப் பக்கத்திலேயே ஹலால் கடைகள் இருக்கின்றன, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.