உங்களுக்குத் தெரியுமா? இரண்டு எண் போதும்!

● வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மற்ற இரண்டும் தானே வந்துவிடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில். இரண்டையும் பெருக்கினால் மின்திறன், வாட்டில். உங்கள் இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட், 1,000 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது இழுப்பது 1,000 ÷ 230, அதாவது சுமார் 4.35 ஆம்பியர். 230ஐ அந்த 4.35ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 53 ஓம். பெட்டியைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பியின் மின்தடை கிடைத்துவிட்டது.

● இந்த வகுத்தல் கணக்கைத் தந்த கேயார்க் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789இல் பிறந்தவர். பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது சோதனைகளைத் தொடங்கினார். அன்றைய பேட்டரிகள் அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழந்துவிடும். அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும்வரை, பனி மிஞ்சும்வரை, அந்த வெப்ப வேறுபாடு தரும் மின்னழுத்தம் அசையாது! என்னைக் கேட்டால், அவருடைய சூத்திரத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய சாமர்த்தியம். புத்தகம் வந்தது 1827இல். லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841இல்தான் வந்தது.

● அவருக்கும் முன்பே, 1781 வாக்கில், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இதே உறவைக் கண்டுவிட்டார். அவரிடம் மீட்டர் கிடையாது. உப்புநீர்க் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே பாய்ச்சி, அடித்த ஷாக்கின் பலத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். முடிவை வெளியில் சொல்லவில்லை. அவருடைய குறிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் பதிப்பித்தது 1879இல்.

● வாட் என்ற அலகின் பெயருக்குரிய ஜேம்ஸ் வாட், நீராவி எந்திரத்தில் பேர் வாங்கியவர். ஓமின் புத்தகம் வெளிவர எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

● பழைய 100 வாட் குண்டு பல்பு வீட்டில் கிடந்தால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். மீட்டரோ 40 ஓம் அளவில்தான் காட்டும். மீட்டரைத் திட்ட வேண்டாம். 529 என்பது டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் கனன்று எரியும்போது உள்ள மின்தடை. குளிர்ந்த இழைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் இழை வழியே பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் போட்டவுடன் ‘டப்’பென்று போவது அதனால்தான்.

● பிளக் உருகுவது ஏன்? 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டில் பின் லூஸாகி, அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் வரும். இது 1841இல் இயற்பியலாளர் ஜூல் வெளியிட்ட விதி. 8.7 × 8.7 × 0.5 = சுமார் 38 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பலவும் 25 வாட்தான்! கொடுமை என்னவென்றால், எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. மின்னோட்டம் கூடினால்தானே அது விழும்? இங்கே மின்னோட்டம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அதே லூஸ் பாயிண்டில் 75 வாட் ஃபேனை மாட்டினால் வெப்பம் 0.05 வாட், தொட்டாலும் தெரியாது. கீசர் பிளக் சுட்டால் உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வைத்தியம் அல்ல.

● லோ வோல்டேஜில் அதே கீசர் என்ன ஆகும்? 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் 2,000 வாட் 1,225க்கு இறங்கிவிடும். மின்னழுத்தம் குறைந்தது 22 சதவீதம்தான், மின்திறனோ 39 சதவீதம். வெந்நீர் தாமதமாகும், அவ்வளவுதான். மோட்டார் உள்ள ஃபிரிட்ஜுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது லோ வோல்டேஜில் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகலாம்.

● அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த 1,200 வாட் ஹேர் டிரையர் அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தது. மின்தடை 12 ஓம். நம் 230 வோல்ட்டில் செருகினால் 19 ஆம்பியர், 4,400 வாட்! அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 100–240 வோல்ட் என்று அச்சிட்ட செல்போன் சார்ஜருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

● சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் மின்தடத்தின் திறன் 6,000 மெகாவாட். ஒரு கம்பி பிளஸ் 8 லட்சம் வோல்ட், இன்னொன்று மைனஸ் 8 லட்சம். இடையே 16 லட்சம். வகுத்துப் பாருங்கள்: 3,750 ஆம்பியர். அதே மின்திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 2.6 கோடி ஆம்பியர் பாய வேண்டும்.