கயிற்றின் மறுமுனையில் யார்?

முத்துக்குளிப்பில் மூழ்குபவர் ஒருவர் என்றால், படகில் அவருக்கென்றே கயிறு பிடிக்க இன்னொருவர். கல்லின் கனத்தில் ஆள் அடிமண்ணைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வதும், கயிறு சுண்டியதும் ஆளைத் தூக்குவதும் அவர் பாடு. உள்ளே இருப்பவருக்கு மூச்சு ஒரு நிமிடத்துக்குத்தான். பக்கத்தில் நிற்பவன் இழுப்பான் என்று இருந்துவிட முடியாது. அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் ஒரு கதையே உண்டு. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-இல். ஒரு கயிற்றுக்கு ஒரே ஆள் என்ற அந்தக் கணக்கு இன்று கட்டுமானத்துக்கு உதவுகிறது.

கட்டடத்தை மண்ணில் எழுப்பும் முன் கணினிக்குள் எழுப்பிப் பார்ப்பதுதான் ‘பிம்’. காகித வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம்மில் அதே சுவருக்குத் தடிமன், பொருள், விலை எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் திறந்த புதிய முனையம் 17,340 சதுர மீட்டர். அந்த அளவுக் கட்டடம் என்றால் கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், ஏசிக்காரர், மின்சாரக்காரர் எனத் துறைக்கொரு பிம் மாதிரி வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தினால், ஏசி டக்ட் கான்கிரீட் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு போவது திரையில் தெரியும். மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டும். நகர வேண்டியது டக்டா, உத்தரமா என்று அது சொல்லாது.

அதை யார் முடிவு செய்வது என்று சொல்வது பொறுப்பு அட்டவணை. பிம் தகவலைக் கையாள 2018-இல் வந்த உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 19650 இதைக் கேட்கிறது. எந்தத் தகவலை, எந்தக் கட்டத்தில், எந்தக் குழு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அட்டவணையின் ஒரே பெட்டிக்குள் இரண்டு பெயர் எழுதினால், மாட்டிக்கொள்ளும் நாளில் இருவருமே மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்கும் பிம் ஒருங்கிணைப்பாளர், மோதலைக் கண்டதும் தானே டக்டைச் சற்றுக் கீழே இறக்கிவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த டக்டின் அகலமும் வளைவும் காற்றோட்டக் கணக்கில் வந்தவை. கணக்கு ஏசிப் பொறியாளரிடம் இருக்கிறது. கண்டவர் சொல்ல வேண்டும், உரியவர் திருத்த வேண்டும். திருத்திய மாதிரியும் சரிபார்த்த பிறகே பொதுக் களஞ்சியத்துக்குப் போகும்; மற்றவர்கள் அதைப் பார்த்தே வேலை செய்வார்கள்.

படகிலும் அப்படித்தான். பக்கத்துக் கயிறு சுண்டுவதைக் கண்டால் கூவலாம். இழுப்பவர் அந்தக் கயிற்றுக்காரர்.